ஊர் விட்டு வந்தவர்கள், ஊர் விட்டுப் போனவர்கள்: இந்த ஆண்டு மனதை விட்டு அகலாத ஒருவர்

ஆனையூர் டீச்சர்

2025ஆம் வருடம் முடியப்போகிறது. ஒரு விஷயத்தை எங்காவது இறக்கி வைக்க வேண்டும் போலிருக்கிறது, அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். ஆனையூர், உச்சபட்டி, திருவாதவூர் இலங்கைத் தமிழர் முகாம்களைப் பற்றி மதுரைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

என் பிளஸ் டூ வகுப்பில் முகாமிலிருந்து வரும் ஒரு பெண். டிசம்பர் 10 காலையில் மனித உரிமை நாள் உறுதிமொழியை மைக்கில் வாசித்தவள் அவள்தான். கணீரென்ற குரல். அன்று மதியமே ஒரு கல்லூரி உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு வந்தாள். எல்லாம் நீல மையில், அழகான கையெழுத்து. ‘குடியுரிமை’ என்ற கட்டத்தில் மட்டும் பென்சிலால் ஒரு புள்ளி.

“இந்தியர்னு போட்டா பொய் டீச்சர். இலங்கைன்னு போட்டா, நான் அந்த ஊரைப் பார்த்ததே இல்ல. பெரியாஸ்பத்திரியில பிறந்தேன். எங்கம்மாவே மண்டபம் முகாம்ல பிறந்தவங்க, 87 கடைசியில. என்ன எழுத?”

அழவில்லை, கோபப்படவும் இல்லை. கணக்கில் சந்தேகம் கேட்கிற அதே குரல். காலையில் மைக்கில் கேட்ட குரலும் அதுதான்.

2021இல் ‘அகதிகள் முகாம்’ என்பதை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று அரசு பெயர் மாற்றியது. அந்த ஒரு சொல்லால் கேலிக்கு ஆளான பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், அதனால் அந்த மாற்றத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் அப்படியே இருக்கிறது. கடைசித் தேதி ஜனவரியில். தாள் இன்னும் என் மேசையில் இருக்கிறது.

உங்களுக்கும் இப்படி ஒருவர் இருந்தால் எழுதுங்கள்.

உசிலை முத்து

டீச்சர், எனக்கு ஒரு பையன்.

எங்கள் பக்கம் முறுக்குக் கம்பெனி என்றால் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஏஜென்ட் வருவான், வீட்டில் அட்வான்ஸ் கொடுப்பான், பையனை ஆந்திரா, மகாராஷ்டிரா, குஜராத் என்று கூட்டிப் போய்விடுவான். விடியும் முன் மாவு பிசைய எழுந்தால் பாக்கெட் போட்டு முடிக்க நள்ளிரவாகும். பழைய கதைதான், இன்னும் நிற்கவில்லை.

எங்கள் தெருப் பையன் ஒருவன், பதினைந்து வயது, தீபாவளி கழிந்து அங்கிருந்து தப்பி வந்தான். மதுரை ஜங்ஷனில் நிற்கிறான் என்று யாரோ போன் செய்தார்கள். நான்தான் பைக்கில் போனேன். முழங்கை வரை எண்ணெய் தெறித்த தழும்புகள், சிலது காய்ந்து, சிலது பழுத்து. செக்கானூரணியில் நிறுத்தி பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். இலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“அண்ணே, எவ்வளவு நேரத்துல சாப்பிட்டு முடிக்கணும்?”

இந்தக் கேள்வி என்னை விட மாட்டேன் என்கிறது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சாப்பிடுப்பா என்றேன். அவனால் முடியவில்லை, அள்ளி அள்ளிப் போட்டு உடனே எழுந்துவிட்டான். இப்போது ஏஜென்ட் தினமும் அவன் அம்மாவுக்குப் போன் போடுகிறான், வாங்கிய அட்வான்ஸைக் கட்டு, இல்லை பையனைத் திருப்பி அனுப்பு என்று. அந்த அம்மா வட்டிக்கு வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது.

ஒத்தக்கடை குமாஸ்தா

டீச்சர், முத்து தம்பி, இருவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். என் அனுபவம் சின்னதுதான். ஹைகோர்ட் கிளை வாசலில் முகாம்காரர் ஒருவர், வயதானவர், பிறப்புச் சான்றை நான்கு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தார். பார்க்கலாம் என்று கை நீட்டினேன். கொடுக்கவில்லை. தன் கையிலேயே பிடித்துக்கொண்டு, “இப்படியே படிங்க தம்பி” என்றார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். குடியுரிமைச் சட்டத்தில் தேதிதான் எல்லாம். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும் பிறப்பால் குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கிவிட்டார்கள். இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராக இருந்து மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இல்லாமல் இருக்க வேண்டும். ஆக, உங்கள் மாணவியின் அம்மா சில மாதங்களில் தவறவிட்டிருக்கிறார். ஆனால் ‘87 கடைசி’ என்பது வாய்ச்சொல்லா, பதிவேட்டில் உள்ளதா? மண்டபம் பிறப்புப் பதிவேட்டில் தேடச் சொல்லுங்கள். 1986இல் மண்டபத்தில் பிறந்த முகாம் பெண் ஒருவர் இதே மதுரைக் கிளைக்கு வந்து போராடித்தான் பாஸ்போர்ட் வாங்கினார், 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார்.

இன்னொன்று, தாத்தா பாட்டி மலையகத்திலிருந்து, அதாவது இலங்கைத் தேயிலைத் தோட்டப் பகுதியிலிருந்து வந்தவர்களா என்று கேளுங்கள். 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி அங்கிருந்த இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா ஒப்புக்கொண்டது. அந்த வம்சாவளியில் வந்து, கலவரத்தில் படகேறி, முகாமில் மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. திருச்சி முகாம்களைச் சேர்ந்த அப்படிப்பட்ட 65 பேருடைய குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி 2019 ஜூனில் நம் கிளை உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் மூன்றை மட்டும் சொல்லி இலங்கையை விட்டுவிட்டது. 2025 செப்டம்பரில் வந்த உத்தரவு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களை ஆவணம் இல்லை என்பதற்காகத் தண்டிப்பதிலிருந்து விலக்கியிருக்கிறது. அது நிம்மதி, குடியுரிமை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

முத்து தம்பி, அந்த அம்மாவை ஒரு பைசா கட்ட விடாதீர்கள். 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்த அட்வான்ஸ் கடனே செல்லாது. அதைத் திருப்பி வாங்குவதே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்து பதிவு செய்யுங்கள். பிறகு உசிலம்பட்டி கோட்டாட்சியரிடம் எழுத்தில் மனு கொடுத்து விடுதலைச் சான்றிதழ் கேளுங்கள். அங்கேயே மீட்கப்பட்டிருந்தால் அங்குள்ள அதிகாரியே கொடுத்திருப்பார். இவன் தானாக ஓடி வந்ததால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தச் சான்று கையில் இருந்தால்தான் உடனடி நிவாரணமும் மறுவாழ்வுத் தொகையும் பற்றிப் பேசவே முடியும். தழும்புகளை அரசு மருத்துவமனையில் காட்டிச் சீட்டு வாங்கி வையுங்கள், ஆறுவதற்குள். ஏஜென்ட் அழைத்த எண், நேரம், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

திருமங்கலம் மேஸ்திரி

நான் கட்டட வேலை எடுத்துச் செய்பவன். 2023 மார்ச்சில் பீகார் ஆட்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் சுற்றியது எல்லோருக்கும் நினைவிருக்கும். என் செட்டில் இருந்த பையன்கள் எல்லோரும் மூட்டையைக் கட்டிவிட்டார்கள். அதில் ஒருவனுடைய அம்மா வீடியோ காலில் வந்து, மகன் முகத்தைக் காட்டினால் போதாது, சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டு என்றது. காட்டினான். திரும்பி நில் என்றது. நின்றான். பிறகு என் வீட்டம்மாவைக் கூப்பிடச் சொன்னது.

இவளுக்கு இந்தி தெரியாது, அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இவள் போனை வாங்கிக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போய், கொதிக்கிற குழம்பைக் காட்டினாள், சோற்றுப் பானையைக் காட்டினாள், பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தட்டில் போட்டுக் காட்டினாள். அந்த அம்மா அந்தப் பக்கம் அழுதது.

அவன் போகவில்லை. இந்த ஆண்டு மனைவியையும் மகளையும் கூட்டி வந்துவிட்டான். பாப்பா அங்கன்வாடிக்குப் போகிறது, என் வீட்டம்மாவை அத்தை என்கிறது.

அவனியாபுரத்தான்

மேஸ்திரி சொல்வது சரி, ஆனால் முழுசும் இல்லை. எங்கள் தெருவில் பெயிண்ட், டைல்ஸ் வேலைக்குப் போன பையன்கள் இன்று சும்மா இருக்கிறார்கள். கூலி குறைவு என்று வெளியூர் ஆட்களைத்தான் கூப்பிடுகிறார்கள். என் மச்சானே வேலை கேட்டுப் போன இடத்தில், “அந்தக் கூலிக்கு நீ வருவியா?” என்று முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். மனித உரிமை எங்களுக்கும் வேண்டும்.

மேலூர் செல்வி

அவனியாபுரத்தான் அண்ணே, உங்கள் மச்சானின் வயிற்றெரிச்சல் நியாயம். ஆனால் கூலியைக் குறைத்தவர் அந்தப் பீகார் பையன் இல்லை, கூப்பிட்டவர். 1979இலேயே வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது, அதே வேலை செய்யும் உள்ளூர்க்காரருக்குக் கிடைக்கும் கூலிக்குக் குறையக் கூடாது என்று. அதை ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தால் உங்கள் மச்சானிடம் அந்தக் கேள்வியைக் கேட்டே இருக்க முடியாது. நம் வீட்டு ஆட்களும் வெளியே போய் இதே நிலையில்தான் நிற்கிறார்கள். என் சித்தியைப் பற்றிச் சொல்கிறேன்.

சித்தி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். போன அன்றே பாஸ்போர்ட்டை அந்த வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நடுவில் சம்பளம் நின்றது, வெளியே வந்துவிட்டார், விசாவும் போயிற்று. 2018இல் குவைத் பொதுமன்னிப்பு அறிவித்தபோது தூதரகத்தில் அவுட்பாஸ் (பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக ஊர் திரும்பத் தரும் தாள்) வாங்கித்தான் ஊர் திரும்பினார். சென்னையில் இறங்கி, பஸ்ஸில் மாட்டுத்தாவணி வந்தார். கையில் ஒரு பை. அதில் இரண்டு சேலை, ஒரு தைலப் பாட்டில், அப்புறம் ஒரு போட்டோ. அந்த வீட்டுக் குழந்தையின் போட்டோ.

நாங்கள் எல்லோரும் அந்த வீட்டுக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தோம். சித்தி திட்டவில்லை. “நான் கிளம்புறப்ப அதுக்கு ரெண்டு வயசு. என் கையால கொடுத்தாத்தான் சாப்பிடும்” என்றார். இன்றும் சாமி படத்துக்குக் கீழே அந்தப் போட்டோ இருக்கிறது. இந்த டிசம்பரில், “இப்ப பள்ளிக்கூடம் போயிட்டு இருக்கும்ல?” என்று என்னைக் கேட்டார். சம்பளப் பாக்கி இன்று வரை வரவில்லை. அதை விட்டுவிட்டு இதைக் கேட்கிறார். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

இப்போது போகிறவர்களுக்கு ஒன்று. பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு அனுமதி தேவை என்ற) முத்திரை இருந்து முப்பது வயதுக்குள் இருக்கும் பெண்களுக்கு வீட்டு வேலைக்கு அனுமதி கிடையாது. விசிட் விசாவில் அனுப்புகிறேன் என்பவனிடம் மாட்டாதீர்கள். அப்படிப் போனால் அரசின் கணக்கிலேயே நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

திருவாதவூர் பெயிண்டர்

நான் முகாமில் பிறந்தவன், 1995. எங்கள் அப்பா அம்மா மன்னாரிலிருந்து 1990இல் வந்தவர்கள். குமாஸ்தா சார் சொன்னதெல்லாம் சரி, ஆனால் அது 87க்கு முன் பிறந்தவர்களுக்கும் மலையகத்து ஆட்களுக்கும். எங்களைப் போல 90க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு எந்தப் பதிவேட்டில் தேடினாலும் ஒன்றும் கிடைக்காது, சட்டம் மாறினால்தான் உண்டு. அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம் சார்.

அடுத்த ஆண்டு தேர்தல். இப்போதே சுவர் பிடித்துச் சின்னம் வரையக் கூப்பிடுகிறார்கள். கூலி பரவாயில்லை, எந்தக் கட்சி என்றாலும் போவேன். போன மாதம் மேலூர் பக்கம் ஒரு வீட்டுச் சுவர். வரைந்துகொண்டிருக்கும்போது அந்த வீட்டு ஆச்சி வெளியே வந்து, “நீ இதுக்குத்தான் போடுவியா தம்பி?” என்றது. எனக்கு ஓட்டு இல்லை ஆச்சி, நான் முகாம் என்றேன்.

ஆச்சி உள்ளே போய் ஒரு பழைய பாஸ்போர்ட்டை எடுத்து வந்தது. எழுபதுகளில் கண்டி பக்கத் தோட்டத்திலிருந்து, தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்ததாம். சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்த தாயகம் திரும்பியோர். “எங்களைக் கேக்காமலே அனுப்பினாங்க. உங்களை அடிச்சு விரட்டினாங்க. வந்து எறங்குனது ரெண்டு பேரும் ஒரே எடம்” என்றது. பாஸ்போர்ட்டை என்னிடம் நீட்டியது. கையெல்லாம் பெயிண்ட். பனியனில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் வாங்கினேன். அது வரைக்கும் நான் ஒரு பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்ததில்லை. என்னைவிடச் சின்ன வயதில் எடுத்த போட்டோ, ரெட்டைச் சடை.

திரும்பி வந்து சின்னத்தை வரைந்து முடித்தேன். மனசு வேலையில் இல்லை.

டீச்சர், உங்கள் மாணவிக்கு ஒரு விஷயம். என் தங்கை அந்தக் கட்டத்தில் ‘இலங்கை’ என்றே எழுதி, முகாம் அடையாள அட்டை நகலை இணைத்துத்தான் விண்ணப்பித்தாள். பி.காம். முடித்துவிட்டாள், இப்போது ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். எழுதும்போது அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் விண்ணப்பத்தை அனுப்பாமல் விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். வேண்டுமென்றால் என் தங்கையைப் பேசச் சொல்கிறேன்.

ஆனையூர் டீச்சர்

பெயிண்டர் தம்பி, கட்டாயம் பேசச் சொல்லுங்கள். பள்ளி திறந்ததும் அவளையும் அவள் அம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். மண்டபம் பதிவேட்டுக்கும் எழுதப்போகிறோம்.

உசிலை முத்து

குமாஸ்தா சார், 1098இல் பதிவு செய்துவிட்டோம். ஆஸ்பத்திரிச் சீட்டும் வாங்கியாகிவிட்டது. ஏஜென்ட் நேற்று கூப்பிட்டபோது நானே போனை வாங்கி, 1976 சட்டம் என்று மட்டும் சொன்னேன், கட் பண்ணிவிட்டான். புத்தாண்டு லீவு முடிந்ததும் கோட்டாட்சியர் ஆபீசுக்கு அந்த அம்மாவையும் பையனையும் கூட்டிப் போகிறேன். மனுவில் எழுத ஒரு சந்தேகம். அதே கம்பெனியில் எங்கள் பக்கத்துப் பையன்கள் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள் என்று இவன் சொல்கிறான். அவர்கள் பெயரையும் இதே மனுவில் சேர்க்கலாமா, தனித்தனியாகக் கொடுக்க வேண்டுமா?

ஒத்தக்கடை குமாஸ்தா

இதே மனுவில் எழுதுங்கள். ஊர், அப்பா பெயர், வயது, கம்பெனி இருக்கும் இடம், எல்லாவற்றையும் அந்தப் பையன் சொல்லச் சொல்ல எழுதுங்கள். நகல் ஒன்று கலெக்டருக்கு. வாங்கியதற்கு முத்திரை போட்ட ரசீது இல்லாமல் ஆபீசை விட்டு வெளியே வராதீர்கள்.