டோக்கியோவில் 5 நாள் அலுவலகப் பயணம்: ஊரைப் பார்க்கவும் நன்றாகச் சாப்பிடவும் நேரம் கிடைக்குமா?

அடையாறுவாசி கேட்டது:

நவம்பர் மூன்றாம் வாரத்தில் அலுவலக வேலையாக டோக்கியோ செல்கிறேன். ஞாயிறு மாலை போய்ச் சேர்கிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 மணியிலிருந்து மாலை 6 மணி வரை ஷினகாவாவில் வாடிக்கையாளர் அலுவலகத்தில் கூட்டங்கள் இருக்கின்றன. தங்கும் விடுதியும் அதே பகுதியில்தான். இரண்டு இரவுகளில் அவர்களோடு விருந்து உண்டு. திரும்பும் விமானம் ஹனேதாவிலிருந்து சனிக்கிழமை நள்ளிரவுக்குச் சற்று முன்னர் புறப்படுவதால், அந்த ஒரு பகல் மட்டும் முழுமையாக என் கையில் இருக்கிறது. சென்ற ஆண்டு ஃபிராங்க்ஃபர்ட் போனபோது அறை, அலுவலகம், அறை என்றே பொழுதைக் கழித்துவிட்டுத் திரும்பினேன். இம்முறையும் அப்படி வர மனமில்லை. தினமும் அதிகாலையில் எழுந்து ஓரிடத்தைப் பார்த்துவிட்டு வேலைக்குச் செல்லலாம் என்று எண்ணுகிறேன். அது ஒத்துவருமா? மீனும் கோழியும் உண்பேன். மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் உண்பதில்லை.

தூரதேசி எழுதியது:

அதிகாலைத் திட்டத்தைக் கைவிட்டுவிடுங்கள். மேற்கே போகும்போது நமக்கு விடியுமுன்னே விழிப்பு வந்துவிடும்; ஃபிராங்க்ஃபர்ட்டில் நீங்களும் அதை உணர்ந்திருப்பீர்கள். டோக்கியோ நமக்கு மூன்றரை மணி நேரம் முந்தியிருப்பதால் அங்கே கதை நேர்மாறு. அங்கே காலை 6 மணி என்றால் சென்னையில் இரவு இரண்டரை. அங்கே இரவு 11 என்றால் இங்கே ஏழரைதான். எழுந்திருக்க முடியாத காலையோடு மல்லுக்கட்டுவதைவிட, உறக்கமே வராத இரவை ஊர் சுற்றப் பயன்படுத்துவதே புத்திசாலித்தனம்.

நவம்பரில் நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும் என்பதால், இருட்டிலும் அழகு குன்றாத இடங்களாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அசகுசாவில் இருக்கும் சென்சோஜி கோயிலின் பிரதான மண்டபத்தை மாலை 5 மணிக்குச் சாத்திவிடுவார்கள். ஆனால் வளாகம் எந்நேரமும் திறந்திருக்கும். பகலில் தோள் இடிக்காமல் நடக்க முடியாத அந்த இடத்தில், இரவு 9 மணிக்கு ஒளியூட்டப்பட்ட ஐந்தடுக்குக் கோபுரத்தை நிதானமாக நின்று பார்க்கலாம். ஷினகாவாவிலிருந்து புறப்படும் கெய்க்யூ ரயில்களில் பல அசகுசா சுரங்கப்பாதைக்குள் நேராக நுழைந்துவிடுவதால் வண்டி மாறவேண்டிய தொல்லையும் இல்லை.

இன்னொரு மாலையை ஷின்ஜுகுவுக்கு ஒதுக்குங்கள். அங்குள்ள பெருநகர அரசுக் கட்டடத்தின் 45ஆம் மாடியில், 202 மீட்டர் உயரத்தில், கட்டணமே இல்லாத காட்சிக்கூடம் இருக்கிறது. இறங்கி வந்து நகமுராயாவில் சாப்பிடுங்கள். பிரிட்டிஷ் ஆட்சியிடமிருந்து தப்பி 1915இல் ஜப்பான் வந்த ராஷ் பிஹாரி போஸுக்கு அடைக்கலம் கொடுத்த ரொட்டிக்கடைக் குடும்பத்தின் நிறுவனம் அது. அவர் பின்னர் அவர்களின் மகளையே மணந்துகொண்டார். அவர் சொல்லிக்கொடுத்த கோழிக் குழம்பை 1927 முதல் அங்கே பரிமாறுகிறார்கள். நம் நாக்குக்கு அது சாதுவான குழம்புதான் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு புரட்சியாளரின் கைப்பக்குவம் உணவகப் பட்டியலில் ஏறி நூறாண்டை நெருங்குவதை வேறெங்கே பார்க்க முடியும்?

சனிக்கிழமைக்குக் காமகுரா. யோகோசுகா தடத்தில் ஷினகாவாவிலிருந்தே நேரடி ரயில் உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 13ஆம் நூற்றாண்டில் வார்க்கப்பட்ட, 11 மீட்டருக்கும் அதிக உயரமுள்ள வெண்கல புத்தர் அங்கே திறந்தவெளியில் அமர்ந்திருக்கிறார்.

சமையற்கட்டு எழுதியது:

இடங்களைச் சொன்ன நண்பர் மதிய உணவை மறந்துவிட்டார். சோறு, மிசோ சூப், ஊறுகாய், ஒரு மீன் வறுவல் என்று தட்டோடு வரும் தெய்ஷொகுவை ஏறத்தாழ 1,000 யென்னுக்கு உண்ணலாம். இரவில் விலை கூடுதலான கடைகள்கூட மதியத்தில் குறைந்த விலையில் தரமான சாப்பாடு போடுகின்றன. எனவே கூட்டங்களுக்கு நடுவே கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தை அலுவலக மேசையில் சாண்ட்விச்சோடு கழித்துவிடாதீர்கள்.

பன்றியிறைச்சி விஷயத்தில் கவனம் தேவை. மீனும் கோழியும் மட்டுமே உண்பவருக்கு சோபா என்னும் நூடுல்ஸ், சுஷி, யகிதோரி என்னும் கம்பியில் சுட்ட கோழி ஆகியவை பெரும்பாலும் சிக்கல் தராதவை. ராமென் என்னும் நூடுல்ஸ் சூப்பின் சாறு பல கடைகளில் பன்றி எலும்பில் காய்ச்சப்படுகிறது, கியோசா என்னும் கொழுக்கட்டையின் உள்ளேயும் வழக்கமாகப் பன்றியிறைச்சிதான். விருந்தளிப்பவர்களுக்கு இப்போதே மின்னஞ்சலில் தெரிவித்துவிடுங்கள். உணவு வரிசையை முன்னதாகவே முடிவுசெய்துவிடும் அவர்களுக்கு, மேசையில் அமர்ந்தபின் சொல்வதுதான் தர்மசங்கடம்.

களைத்துப்போன நாளில் பெரிய அங்காடிகளின் அடித்தளத்தில் உள்ள உணவுக்கூடத்துக்குப் போங்கள்; டெபாச்சிகா என்பார்கள். கடை சாத்தும் நேரம் நெருங்கும்போது பெட்டிச் சாப்பாட்டின்மீது விலைக்குறைப்பு வில்லைகளை ஒட்டத் தொடங்குவார்கள். பாதி விலையில் சுஷி வாங்கி அறையில் வைத்துச் சாப்பிட்டதை நான் இன்னும் மறக்கவில்லை.

விடியற்காலை எழுதியது:

தூரதேசி சொன்னதில் பாதியை மறுக்கிறேன். முதல் இரண்டு நாட்களுக்கு அது சரி. வியாழக்கிழமைக்குள் உடல் ஓரளவு பழகிவிடும்; அன்று மட்டும் சுகிஜி புறச்சந்தைக்குக் காலையில் போய் வாருங்கள். மொத்த மீன் ஏலம் 2018இல் தோயோசுவுக்கு இடம்பெயர்ந்துவிட்டாலும், சிறு கடைகள் பழைய இடத்திலேயே இருக்கின்றன, பிற்பகலுக்குள் சாத்தியும் விடுகின்றன. அவற்றை மாலையில் பார்க்கவே முடியாது. புதன்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், பல கடைகளுக்கு அன்று விடுமுறை. வெள்ளிக்கிழமை சற்று முன்னதாகக் கிளம்பினால், ஷினகாவாவிலிருந்து நடந்தே செல்லும் தொலைவில் உள்ள செங்ககுஜி கோயிலில், தலைவனுக்காகப் பழிதீர்த்து 1703இல் உயிர்விட்ட சாமுராய்களின் கல்லறைகளைப் பார்த்துவிட்டு அலுவலகம் சேரலாம்.

அடையாறுவாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. மின்னஞ்சலை இன்றே அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை காமகுராவுக்குப் பெட்டியையும் இழுத்துக்கொண்டா போக வேண்டும்?

தூரதேசி எழுதியது:

வேண்டாம். அறையைக் காலிசெய்த பிறகும் விடுதி வரவேற்பில் பெட்டியை வைத்துக்கொள்வார்கள்; ஒரு சீட்டுக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். திரும்பும் ரயிலும் ஷினகாவாவில்தான் நிற்கிறது. 7 மணிவாக்கில் இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, இரவு உணவை முடித்துவிட்டுக் கெய்க்யூவில் ஏறினால், விரைவு வண்டி 15, 20 நிமிடங்களில் ஹனேதாவில் விட்டுவிடும்.