சொல்தா வீட்டுப் பேரப்பிள்ளைகள்

ஜெனி, காலை 9:12
[படம்]
லைஃப் சர்டிபிகேட்டுக்காக ஆயாவின் பழைய காகிதங்களைத் தேடும்போது டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. தாத்தா பக்கத்தில் நிற்கும் அந்த உயரமான ஆள் யார்? பின்பக்கம் "மமதுவும் நானும், ஹைபோங், 1951" என்று எழுதியிருக்கிறது.

பெரியப்பா, 9:20
அவர்தான் மமது, ஆப்பிரிக்காவின் செனகல்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் இருவரும் சொல்தாக்கள், அதாவது சிப்பாய்கள். இந்தோசீனாவில், இன்றைய வியட்நாம் பக்கம், ஒரே முகாம். அப்பா ரசம் வைத்தால் முதல் ஆளாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாராம்.

செலின் அத்தை, 9:22
ரசத்துக்குத் தட்டா அண்ணா? 😄

பெரியப்பா, 9:23
அப்பா அப்படித்தான் சொன்னார். நான் என்ன செய்ய!

ஜெனி, 9:25
ஆயாவுக்கு வருகிற மாதிரி அவர் வீட்டுக்கும் பிரெஞ்சு பென்ஷன் வந்திருக்குமா பெரியப்பா?

பெரியப்பா, 9:37
வந்திருக்கலாம். எவ்வளவு என்பதில்தான் வயிற்றெரிச்சல். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, அப்பா பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று எழுதிக் கொடுத்தார். அதனால் பிரான்சில் ஏறும்போதெல்லாம் புதுச்சேரியிலும் ஏறியது. பிரான்சின் காலனியாக இருந்த செனகல் 1960-ல் தனி நாடானதும், மமது சொந்த ஊரில் இருந்தபடியே வெளிநாட்டுக்காரர் ஆகிவிட்டார். 1959 டிசம்பரிலேயே அதற்கென ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். செனகல்காரர்களை அது பிடித்தது 1975 முதல். அன்றைய தொகை என்னவோ அதோடு நிறுத்தம். அரிசி என்ன விலை விற்றாலும் அசையாது. 'கிரிஸ்தலிசாசியோன்' என்று பெயர். பாகு கற்கண்டாக உறைகிற மாதிரி.

செலின் அத்தை, 9:39
அடப்பாவிகளா. குண்டு மட்டும் எல்லார் மேலும் ஒரே மாதிரிதானே பாய்ந்தது?

அருண் (பாரீஸ்), 9:44
எனக்கு வேலை பாரீஸ் ஓரத்தில் பொந்தி பக்கம்தான். அங்கே சின்னச் சின்ன அறைகளில் செனகல் சொல்தாக்கள் தனியாக இருந்தார்கள். முதியோர் உதவித்தொகை அப்போது மாதம் சுமார் 950 யூரோ. அது வேண்டுமென்றால் வருடத்தில் 6 மாதம் பிரான்சில் இருந்தாக வேண்டியிருந்தது. பெண்டாட்டி பிள்ளைகள் அங்கே, இவர்கள் இங்கே குளிரில். 2023-ல்தான் அந்த விதியைத் தளர்த்தினார்கள். ஏப்ரலில் 9 பேர் ஊருக்கு விமானம் ஏறினார்கள். எல்லாரும் 85-க்குக் குறையாதவர்கள்.

ஜெனி, 9:46
யாரும் கேஸ் போடவில்லையா?

பெரியப்பா, 9:58
போட்டார்கள். அமாது தியோப் என்று ஒருவர், 1937-லிருந்து 1959 வரை பணியில் இருந்தவர். அவர் வழக்கில் 2001 நவம்பரில் பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றமே இது பாகுபாடு என்று சொல்லிவிட்டது. அப்படியும் சட்டத்தில் முழுச் சமம் வர 2011 ஆயிற்று. அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்களோ.
பாக்கி கேட்டதற்கே பிரெஞ்சு ராணுவம் சுட்டதும் உண்டு. 1944 டிசம்பர் 1, செனகல் தலைநகர் தக்கார் பக்கத்தில் தியாரோய் முகாம். பிரான்சுக்காகப் போரிட்டு, ஜெர்மனியிடம் கைதிகளாக இருந்து திரும்பிய ஆப்பிரிக்கச் சொல்தாக்கள் சம்பள பாக்கியைக் கேட்டார்கள். செத்தது 35 பேர் என்று அதிகாரிகள் கணக்கு எழுதினார்கள். அந்தக் கணக்கை இன்றுவரை செனகலில் ஏற்கவில்லை. அது படுகொலை என்று பிரெஞ்சு அதிபர் மக்ரோன் ஒப்புக்கொண்டதே 2024-ல்.

செலின் அத்தை, 10:01
ஜெனி, படத்தை ஆயாவிடம் காட்டினாயா?

ஜெனி, 10:09
காட்டினேன் அத்தை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ரசம் கேட்டுக் கடுதாசி போடுவானே, அவனா?" என்கிறார். கடிதக் கட்டு பீரோவில் இருக்கிறதாம். சாவி உங்களிடமாம் பெரியப்பா.

பெரியப்பா, 10:10
சாயந்திரம் கொண்டு வருகிறேன். படத்தை வெயில் படுகிற இடத்தில் வைக்காதே.