கியர்பாக்ஸ் பேரிங் தேய்மானம்: அஞ்செட்டி ஓடையும் காணாமற்போன டோவல் பின்னும்

தேன்கனிக்கோட்டை, ஜிப்ஸி கிங்

எங்களிடம் இருப்பது மாருதியின் நான்கு சக்கர இயக்க வண்டியான ஜிப்ஸி கிங், 2004ஆம் ஆண்டு. பழைய வண்டியாக 2016இல் வாங்கினோம். 1985 இறுதியில் வந்த முதல் ஜிப்ஸியில் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைந்த எஞ்சினும் நான்கு கியர்களும் இருந்தன. 1996இல் வந்த கிங்கில் 1.3 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியர்களும் உண்டு. உதிரிக் கடையில் எந்த ஜிப்ஸி என்று சொல்லாமல் பேரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் குண்டு வளையம்) கேட்டால் வேறு கியர்பாக்ஸ் பெட்டிக்கு உரியது கைக்கு வந்துவிடும் என்பதால்தான் இதை முதலிலேயே எழுதுகிறேன்.

அஞ்செட்டிக்கு அப்பால் உள்ள எங்கள் மானாவாரி நிலத்துக்குப் போகும் வழியில் ஓர் ஓடை குறுக்கிடும். ராகி மூட்டைகளோடு அதைத் தாண்டித்தான் வர வேண்டும். மழைக்காலத்தில் தண்ணீர் அடிப்பலகைக்குச் சற்றுக் கீழே வரை நிற்கும். ஒரு நாள் காலை வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டுவிட்டு வாசற்கதவைத் திறக்கப் போனபோது, பக்கத்து வீட்டில் யாரோ திரிகையில் ராகி அரைப்பதைப் போன்ற கரகரப்பு காதில் விழுந்தது. கிளட்சை மிதித்தால் அது நின்றது. காலை எடுத்தால் மீண்டும் வந்தது. கிளட்சை மிதித்தால் மாறும் சத்தம் கிளட்சின் சத்தமாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு, ஒரு பட்டறையில் கிளட்ச் தட்டையும், மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் புதிதாக மாற்றச் சொன்னேன். பணம் போனது, சத்தம் போகவில்லை.

பிறகு எங்கள் ஊர்ப் பக்கத்து மூத்த மெக்கானிக் ஒருவர், ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் கால் மணி நேரத்தில் விஷயத்தைப் புரியவைத்தார். கிளட்சை மிதிக்காமல் நியூட்ரலில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, எஞ்சினிலிருந்து சுழற்சியை வாங்கும் இன்புட் சாஃப்ட்டும், அதனோடு எப்போதும் பல் கோத்திருக்கும் கவுண்டர் சாஃப்ட்டும் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகின்றன. மிதித்தவுடன் அவை இரண்டும் நின்றுவிடும். ஆகவே மிதித்ததும் மறைகிற சத்தம் அந்த இரண்டு சாஃப்ட்டுகளின் பேரிங்குகளுக்கு உரியது. மிதித்ததும் தொடங்குகிற சத்தம்தான் ரிலீஸ் பேரிங்குக்கு உரியது. நல்ல பெட்டியிலும் பல்லிடைவெளியால் ஐடிலிங்கில் ஒரு சிறு கடகடப்பு வரக்கூடும்; ஆக்சிலேட்டரைச் சற்று உயர்த்தினால் அது அடங்கிவிடும். எங்கள் வண்டியில் அடங்கவில்லை, வேகத்தோடு சேர்ந்து ஏறியது.

அடுத்து அவர் செய்த சோதனை ஜிப்ஸிக்காரர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது. இந்த வண்டியில், விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிராமல் தனியாகத் தொங்குகிறது. இரண்டையும் ஒரு குட்டையான புரொபெல்லர் சாஃப்ட் இணைக்கிறது. சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, டிரான்ஸ்ஃபர் லீவரை நியூட்ரலில் நிறுத்தி, நின்ற இடத்திலேயே ஒவ்வொரு கியராகப் போட்டுக் கிளட்சை விடலாம். கியர்பாக்ஸ் முழுவதும் சுற்றும், சக்கரம் அசையாது. டிஃபரன்ஷியலையும் சக்கர பேரிங்கையும் சந்தேகப் பட்டியலிலிருந்து அப்போதே நீக்கிவிடலாம். அதன்பிறகும் ஐயம் இருந்தால் அந்தக் குட்டைச் சாஃப்ட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸும் வழக்கிலிருந்து விடுபடும். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பெட்டியின் மேல் ஊன்றிக் கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்டபோது, முன்பக்கத்தில், கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கை ஒட்டிய இடத்தில்தான் கரகரப்பு அதிகமாக இருந்தது. சாலையில் சுமையோடு ஓட்டியபோது நான்காம் கியரில் சத்தம் சற்றுக் குறைந்தது, ஆனால் மறையவில்லை. நான்காம் கியரில் விசை கவுண்டர் சாஃப்ட் வழியாகப் போகாமல் நேராகச் செல்வதால், அங்கே முழுவதும் மறைந்திருந்தால் கவுண்டர் பேரிங் மட்டும் என்றும், குறைந்து நீடித்தால் இன்புட் பேரிங்கும் சேர்ந்தே போயிருக்கிறது என்றும் கொள்ளலாம் என்றார்.

ஆயிலை இறக்கியபோது காரணம் தெரிந்துவிட்டது. வந்தது ஆயில் அன்று, பால் கலந்த காப்பி. நீண்ட தூரம் ஓடிச் சூடேறிய பெட்டியைக் குளிர்ந்த ஓடைக்குள் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, பெட்டியின் காற்றுத்துளையான பிரீதர் வழியாகவோ தேய்ந்த ஆயில் சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. பேரிங் குண்டுக்கும் அதன் பாதைக்கும் நடுவே நிற்கும் ஆயில் படலம் முடியிழையைவிட மெல்லியது. தண்ணீர் கலந்ததும் அது அறுபடுகிறது, வண்டி நிற்கும் நாட்களில் துருவும் பிடிக்கிறது. வாங்கிய நாளிலிருந்து எத்தனை முறை அந்த ஓடையைத் தாண்டியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. கியர் ஆயிலை ஒரே ஒரு முறைதான் மாற்றியிருந்தேன். இதில் வண்டியின் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

பேரிங்குகளையும் சீல்களையும் மாற்றி, நான்கு மாதம் அமைதியாக ஓடியது. ஐந்தாம் மாதம் அதே திரிகை. ஆயில் இம்முறை சுத்தமாக இருந்தது. புதிய பேரிங் போலி என்று நான் சந்தேகித்துக்கொண்டிருக்க, அவர் பெல் ஹவுசிங்கைக் கழற்றி எஞ்சினோடு அது பொருந்தும் முகத்தைத் துடைத்துப் பார்த்தார். அங்கே இருக்க வேண்டிய இரண்டு டோவல் பின்களில் ஒன்று இல்லை. பெட்டியைத் தாங்கிப் பிடிக்கத்தான் போல்ட்டுகள். எஞ்சினின் மையக்கோடும் இன்புட் சாஃப்ட்டின் மையக்கோடும் ஒன்றாக நிற்பதை உறுதிசெய்வது அந்தப் பின்கள்தாம். போல்ட் துளையில் இருக்கும் இடைவெளி அளவுக்குப் பெட்டி நகர்ந்து உட்கார்ந்தால், ஒவ்வொரு சுற்றிலும் சாஃப்ட் பக்கவாட்டில் இழுக்கப்பட்டு, முன் பேரிங் வேண்டாத சுமையைச் சுமந்துகொண்டே இருக்கும். நான் தேவையின்றிக் கிளட்ச் மாற்றிய அன்று அது விழுந்து போயிருக்க வேண்டும் என்பது என் ஊகம். இருநூறு ரூபாய்கூடப் பெறாத ஒரு இரும்புத் துண்டு.

பாலக்கோடு, ஜிப்ஸி, சாஃப்ட் டாப்

தேன்கனிக்கோட்டை அண்ணன் எழுதியதைப் படித்ததும் எனக்கு நேர்ந்ததைச் சொல்லத் தோன்றியது. தக்காளிப் பருவத்தில் தோட்டத்திலிருந்து மண்டிக்குப் பெட்டிகள் ஏற்றும் வண்டி என்னுடையது. தண்ணீரில் இறங்கியதே இல்லை. அப்படியிருந்தும் மூன்றாம் கியரில் ஏறும்போது ஓர் ஊளைச் சத்தம் வந்தது. காலை எடுத்தால் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தது. கியர் நழுவினால் பல் தேய்ந்துவிட்டது என்றே பலரும் சொல்வார்கள். ஆனால் பேரிங் தளர்ந்து சாஃப்ட் ஆடத் தொடங்கினாலும் பற்கள் முழு ஆழத்துக்குக் கோக்காமல் இதே குறை வரும்.

ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் வடித்துப் பார்த்தோம். ஆயிலை இறக்கும் டிரெய்ன் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை போன்ற மாவு ஒட்டியிருந்தால் கவலை வேண்டாம், அது இயல்பான தேய்மானம். துணியில் பொன்னிறத் துகள் மின்னினால், கியர் மாறும்போது வேகத்தைச் சமன் செய்யும் சின்க்ரோ ரிங் கரைகிறது. எங்களுக்குக் கிடைத்தது மீன் செதில் போன்ற தட்டையான எஃகுச் சில்லுகள். பேரிங் பாதையின் மேற்பரப்பு உரிந்து வந்தவை. பெட்டியைப் பிரித்தபோது பின்பக்க பேரிங்கின் உள்வளையத்தில், குண்டுகள் உட்காரும் இடைவெளிக்குச் சரியாகக் கரும்புள்ளிகள் வரிசையாக இருந்தன. எரிந்த தழும்புகள்.

சில மாதங்களுக்கு முன், டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் போகும் அந்தக் குட்டைச் சாஃப்ட்டில் விரிசல் கண்டு, அதைக் கழற்றச் சோம்பல்பட்டு, வண்டியில் இருந்தபடியே வெல்டிங் வைத்தோம். எர்த் கிளாம்ப்பைச் சேஸிஸில் மாட்டியிருந்தோம். வெல்டிங் மின்னோட்டம் சாஃப்ட்டிலிருந்து பேரிங் குண்டுகள் வழியாகப் பெட்டிக்குள் பாய்ந்து, எஞ்சின் எர்த் வயர் வழியாகச் சேஸிஸுக்குத் திரும்பியிருக்கிறது. குண்டு தொட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு புள்ளியிலும் எஃகு நுண்ணளவில் உருகியது. வெல்டிங் வைக்கும் துண்டிலேயே, அதுவும் வைக்கும் இடத்துக்கு ஒட்டியே, கிளாம்ப் மாட்ட வேண்டும். சுழலும் பாகமாக இருந்தால் கழற்றித்தான் வைக்க வேண்டும். பம்பர், கேரியர் என்று எதையாவது வைத்துக்கொண்டே இருக்கிற நண்பர்கள் கவனிக்கவும்.

டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் மூன்று ரப்பர் மவுண்டுகளையும் பாருங்கள். அவை வெடித்தால் அந்தக் குட்டைச் சாஃப்ட்டின் கோணம் மாறி அதிர்வு பிறக்கும்; அதிர்வு முதலில் தின்பது இந்தப் பின் பேரிங்கைத்தான்.

அரூர்

என்னுடையது ஒரே வரியில் முடிகிற கதை. சித்தேரி மலையில் எஞ்சின் நின்றுபோனதால், கியரை மட்டும் நியூட்ரலில் போட்டு, அரூர் வரை கயிறு கட்டி இழுத்து வந்தோம். இந்தப் பெட்டியில் ஆயிலை வாரி இறைப்பது கவுண்டர் சாஃப்ட்டின் பற்கள். எஞ்சின் ஓடாதபோது அது நின்றுவிடும், சக்கரம் சுற்றுவதால் மெயின் சாஃப்ட் மட்டும் வறண்டு சுற்றும். டிரான்ஸ்ஃபர் லீவரையும் நியூட்ரலில் போட்டிருந்தால் கியர்பாக்ஸ் சுற்றியே இருக்காது என்பது பில் வந்த பிறகு தெரிந்தது.

ஓசூர், லேத் பட்டறை

எங்களிடம் வரும் பெட்டிகளில் பாதி, பேரிங் மாற்றிய பிறகு கெட்டவை என்றால் நம்புவீர்களா? சாஃப்ட்டில் பேரிங்கை ஏற்றும்போது வெளிவளையத்தில் சுத்தியலால் அடித்தால், அந்த அடி முழுவதும் குண்டுகள் வழியாகவே உள்வளையத்துக்குப் போகிறது. கண்ணுக்குத் தெரியாத குழிகள் அன்றே விழுந்துவிடும். சத்தம் பிறகு வரும். உள்வளையத்தில் மட்டும் உட்காரும் குழாய்த் துண்டை வைத்துப் பிரஸ்ஸில் ஏற்றுங்கள், அல்லது பேரிங்கை ஆயிலில் சுமார் 100 டிகிரி வரை சூடாக்கினால் தானே வழுக்கி இறங்கும். கேஸ் தீச்சுடரைக் காட்டவே காட்டாதீர்கள், எஃகின் பதம் போய்விடும்.

பேரிங்கின் மேல் உள்ள எண்ணைப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். 6305 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்க, உள்விட்டம் 25 மி.மீ.; 6206 என்றால் 30 மி.மீ. பின்னால் சி3 என்று இருந்தால் உள்ளிடைவெளி வழக்கத்தைவிடக் கூடுதல் என்று பொருள். கழற்றிய பேரிங்கில் அந்தக் குறியீடு இருந்து, புதியதில் இல்லையென்றால், அளவு ஒன்றாக இருந்தாலும் வாங்காதீர்கள். சூடேறி விரிவடையும்போது குண்டுகளுக்கு இடமிருக்காது. கையேட்டில் ஜி.எல்.4 தர ஆயில் என்று இருக்கும்போது கடையில் இருக்கிறதே என்று ஜி.எல்.5 ஊற்றுவதும் எனக்கு உடன்பாடில்லை. அதில் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்மானம் சில வகைகளில் பித்தளை சின்க்ரோ ரிங்கை அரிக்கும்.

தேன்கனிக்கோட்டை, ஜிப்ஸி கிங்

ஓசூர் நண்பருக்கு நன்றி. இரண்டாம் முறை பெட்டியைப் பிரித்தபோது புதிய டோவல் பின்னை ஓசூரில்தான் கடைந்து வாங்கினோம். இப்போது இரண்டு ஆண்டுகளாகச் சத்தமில்லை. பிரீதரில் ரப்பர் குழாய் மாட்டி, எஞ்சின் அறையில் ஏர் கிளீனர் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறேன். ஓடைக்குமுன் வண்டியைச் சற்று நேரம் நிறுத்தி ஆறவிடுகிறேன். கூட வருகிறவர்கள் முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள். தண்ணீரில் இறங்கிய வாரத்தில் ஆயில் அளவு பார்க்கும் லெவல் பிளக்கைத் தளர்த்தி விரல்விட்டு ஆயிலின் நிறம் பார்க்கிறேன்; வெளுத்திருந்தால் மாற்றிவிடுகிறேன், ஒன்றரை லிட்டர்கூடப் பிடிக்காத பெட்டிக்கு அது பெரிய செலவில்லை.

பாலக்கோட்டு நண்பர் எழுதியதைப் படித்துவிட்டு இன்று காலை வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தேன். டிரான்ஸ்ஃபர் கேஸ் மவுண்டுகள் மூன்றில் ஒன்றில் நகம் நுழையும் அளவுக்கு விரிசல் இருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா, மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டுமா என்பதை அனுபவப்பட்டவர்கள் சொன்னால், ஐப்பசி மழைக்குள் வேலையை முடித்துவிடுவேன்.