ஜாமீன் கிடைத்தும் சிறையில்: பட்டா இல்லாதவருக்கு யார் பிணை நிற்பது?

கேள்வி (நீடாமங்கலம்):
எங்கள் தெருவில் வயல் கூலிக்குப் போகும் இளைஞர் ஒருவர் ஆற்றுமணல் திருட்டு வழக்கில் ரிமாண்ட் செய்யப்பட்டார். ஜாமீன் உத்தரவு வந்து மூன்று வாரங்கள் கடந்தும், சொத்துள்ள இரண்டு ஜாமீன்தாரர்களைக் கொண்டுவர முடியாததால் சிறையிலேயே இருக்கிறார். எங்கள் தெரு முழுவதும் கோயில் மனை; மனை வாடகை ரசீதும் வீட்டு வரி ரசீதும் உண்டே தவிர, ஒருவர் பெயரிலும் பட்டா கிடையாது. அதே வழக்கில் கைதான லாரி உரிமையாளரோ, அண்ணனின் நஞ்சைப் பட்டாவைக் காட்டி மறுநாளே வீடு திரும்பிவிட்டார். இதற்குச் சட்டத்தில் வழியே இல்லையா?

பதில் (மன்னார்குடி, வழக்கறிஞர்):
வழி உண்டு. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய வழிகாட்டுதலின்படி, ஜாமீன் கிடைத்த ஒருவர் 7 நாட்களுக்குள் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்திற்குள் பிணைப்பத்திரம் தாக்கல் ஆகாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே தானாக முன்வந்து பரிசீலிக்கலாம். அதுவரை காத்திருக்காமல், சொந்தப் பிணையில், அதாவது ஜாமீன்தாரர் இல்லாமல் அவரே எழுதிக் கொடுக்கும் பத்திரத்தின் பேரில், விடக் கோரி இப்போதே மனுச் செய்யுங்கள். 1978இல் மோதிராம் என்ற கொத்தனாரிடம் கீழ்நீதிமன்றம் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டது. சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று அவருடைய சகோதரரின் பிணையையும் மறுத்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர்தான் அவரை 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் செய்தார்.

பதில் (கும்பகோணம்):
பிணையில்லாமல் விட்டால் வாய்தாவுக்கு வராமல் போய்விடுவார்கள் என்ற நீதிமன்றத்தின் கவலையையும் ஒதுக்கிவிட முடியாது. குற்றம் சாட்டப்பட்டவர் வராததால் சாட்சிகள் பலமுறை திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

பதில் (மயிலாடுதுறை):
ஐயா, ஜாமீனில் போனவர் தக்க காரணமின்றி வாய்தாவுக்கு வராவிட்டால், அதுவே ஓராண்டு வரை தண்டனைக்குரிய தனிக்குற்றம். தலைமுறை தலைமுறையாக ஒரே தெருவில் குடியிருக்கும் குடும்பத்தைவிட, பட்டா வைத்திருப்பவர் தவறாமல் வருவார் என்று எதைக் கொண்டு முடிவு செய்வது? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். உள்ளே இருப்பவரால் சாட்சி தேட முடியாது, வக்கீலிடம் உட்கார்ந்து பேசவும் முடியாது. நடவுக் கூலியும் போய், வீட்டில் கடனும் ஏறியபின், செய்யாத குற்றத்தைக்கூட ஒப்புக்கொண்டு, இருந்த நாட்களைத் தண்டனையில் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கும் நிலைக்கு அவர் வந்துவிடுகிறார். வெளியில் இருப்பவர் அதே வழக்கை நடத்தி விடுதலையும் ஆகலாம். இதை நான் அநீதி என்றே சொல்வேன்.

கேள்வி கேட்டவர்:
வக்கீலுக்குக் கொடுக்க அந்தத் தம்பியின் தாயாரிடம் பணம் இல்லை. யாரிடம் போவது?

பதில் (மன்னார்குடி, வழக்கறிஞர்):
காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமை. ஜாமீன் உத்தரவு நகல், வீட்டு வரி ரசீது, ரேஷன் அட்டை ஆகியவற்றுடன் நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழு அலுவலகத்திற்கு தாயாரை அழைத்துச் செல்லுங்கள்; 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நிலமில்லாத குடும்பம் என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதச் சொல்லுங்கள்.