ஹெட்லைட் புரொஜெக்டர் ஷீல்டில் கை வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

இரவுப்பயணி:
என் பழைய ஸ்விஃப்டில் ஹெச்4 ரிஃப்ளெக்டரை எடுத்துவிட்டு, புதுப்பேட்டையில் கிடைத்த ஒரு ஜோடி பை-செனான் புரொஜெக்டரை, அதாவது முன்னால் லென்ஸ் வைத்த லைட்டை, பொருத்தினேன். ஹெட்லைட்டை நண்பனின் பேக்கரி அடுப்பில் வைத்து, கண்ணாடியை ஒட்டியிருக்கும் பியூட்டைல் பசையை இளக்கிப் பிரித்ததும், மூன்று நாள் அவன் கடை பன்னெல்லாம் ரப்பர் வாசம் அடித்ததும் வேறு கதை. வேலை முடிந்து சுவரில் அடித்துப் பார்த்தால், கத்தியால் வெட்டிய மாதிரி கட்-ஆஃப் கோடு, கீழே வெளிச்சம், மேலே இருட்டு. வலது பக்கம் அழகாக ஒரு படி ஏறுகிறது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். அந்தப் படி எந்தப் பக்கம் ஏறவேண்டும் என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற ரோடு. விடிகாலை நாலரை மணி. எதிரே ஒரு டிவிஎஸ் எக்ஸெல், இரண்டு பக்கமும் பால் கேன். நான் லோ பீமில்தான் இருந்தேன், அதற்கு மேல் டிம் அடிக்க ஒன்றுமில்லை. பெரியவர் இடது கையை ஹேண்டிலிலிருந்து எடுத்து முகத்துக்குக் குறுக்கே வைத்தார். வண்டி தாரை விட்டு மண்ணில் இறங்கியது. ஒரு கேனின் மூடி தெறித்து, என் வெளிச்சத்திலேயே சுழன்று மின்னியது. அந்த மூடி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அப்புறம்தான் விளங்கியது. அது ரோட்டின் வலது பக்கம் ஓட்டுகிற நாட்டுக் காரின் புரொஜெக்டர். அங்கே ஓரம் வலது பக்கம், அதனால் படியும் வலது பக்கம். நமக்கு அந்தப் பக்கம்தான் எதிர் வண்டி வருகிறது. மறுபடி பிரித்து, ஷீல்டில், அதாவது லென்ஸுக்குப் பின்னால் வெளிச்சத்தை வெட்டி அந்தக் கோட்டை உண்டாக்கும் தகட்டில், படிக்காக விட்டிருந்த பள்ளத்தை மெல்லிய தகடு வைத்து அடைத்துக் கோட்டைச் சமமாக்கிவிட்டேன். வேறு யாராவது இதைச் செய்திருக்கிறீர்களா?

ஓசூர்க்காரன்:
சமமாக்கினாலும் இடது ஓரம் இருட்டாகவே இருக்குமே நண்பரே. நடந்து போகிறவர், சைக்கிள், ஊர்ப் பலகை எல்லாம் அங்கேதானே இருக்கிறது. நான் உங்களுக்கு நேர் எதிர் வேலை பார்த்தேன். என்னுடையது சமமான ஷீல்டு. இடது பக்கம் ஒரு படி வேண்டும் என்று ஊசி அரம் வைத்துத் தேய்த்தேன். இடது படிக்கு இடது பக்கம்தானே தேய்க்கவேண்டும்? லென்ஸ் படத்தைத் தலைகீழாக்கும் என்று தெரியும். கூடவே இடவலமும் மாறும் என்பது மண்டையில் ஏறவில்லை. சிலிகான் போட்டு மூடிவிட்டு அன்றிரவே அஞ்செட்டி ரோட்டில் கிளம்பினேன்.

ஒரு வளைவில் எதிரே வந்த பஸ் நின்றுவிட்டது. டிரைவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, கோபமே இல்லாமல், "தம்பி, உனக்கு ரோடு தெரியணுமா, என் மூஞ்சி தெரியணுமா?" என்றார். பஸ்ஸில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

பழைய பட்டறை:
இரண்டு பேருமே அவசரப்பட்டிருக்கிறீர்கள். ஓசூர்க்காரரே, சிலிகான் போட்டு மூடினால் அடுத்த தடவை கண்ணாடியை உடைத்துத்தான் எடுக்கவேண்டும். பியூட்டைல்தான் போடவேண்டும். ஷீல்டைத் தொடுவதற்கு முன் எய்மிங், அதாவது வெளிச்சம் விழுகிற உயரம், சரிபார்த்தீர்களா? வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்கவேண்டும், டிரைவர் சீட்டில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கவேண்டும். சுவருக்கும் லைட்டுக்கும் 10 மீட்டர். லைட்டின் நடுப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதே உயரத்தில் சுவரில் கோடு போடுங்கள். கட்-ஆஃப் அந்தக் கோட்டுக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழவேண்டும், அதாவது நூற்றுக்கு ஒன்று. லைட் 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் 65 மீட்டரில் கோடு தரையைத் தொடும். இதைவிட ஏற்றினால் ஷீல்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் எதிராளிக்குக் கண் கூசும்.

அடுத்தது, ஹாலஜன் புரொஜெக்டரில் எல்இடி பல்பைச் சொருகாதீர்கள். உள்ளே இருக்கும் கிண்ணம் இழை எரிகிற இடத்தைக் கணக்குப் பண்ணிச் செய்தது. எல்இடி சிப் ஒரு மில்லி தள்ளி இருந்தாலும் நடுவில் குவிய வேண்டிய வெளிச்சம் கலைந்துபோகும். காருக்கு முன்னால் பத்தடி வெள்ளையாக இருக்கும், தூரத்தில் ஒன்றும் இருக்காது. வெள்ளையைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர்.

என் அனுபவம் என்று கேட்டால், ஒருவர் லைட் மேலே தூக்குகிறது, ஷீல்டை மாற்றுங்கள் என்று வந்தார். டிக்கியைத் திறந்தால் கல்யாண வீட்டுப் பித்தளைப் பாத்திரம் முழுக்க இருந்தது. இறக்கினோம், சரியாகிவிட்டது.

வன்னிக்காற்று:
இலங்கையில் எங்கட பக்கம் ஷீல்டில் கை வைக்கத் தேவையில்லை. யப்பானிலிருந்து வருகிற வாகனங்கள்தான் கூட, அங்கேயும் ரோட்டின் இடது பக்கமே ஓடுகிறார்கள். நான் செய்த விசர் வேலை லென்ஸ் மாற்றினது. ஏற்கெனவே இருந்த லென்ஸில் ஒரு மெல்லிய சொரசொரப்பு. தெளிந்த லென்ஸ் போட்டால் கோடு கூராக வரும், ஓரத்தில் நீல நிறம் தெரியும் என்று கராஜ்காரத் தம்பி சொன்னார். உண்மையிலேயே வந்தது.

கொழும்பிலிருந்து ஏ9 வீதியில் வந்துகொண்டிருந்தேன், மாங்குளம் தாண்டி. முன்னுக்கு நாலு கால் தெரிந்தது. கால் மட்டும்தான், முழங்காலுக்கு மேலே ஒன்றுமில்லை, சரியான இருட்டு. மூளை அதை மாடு என்று எடுக்கவில்லை, மதகுக் கட்டைகள் என்று நினைத்தது. பிறகு ஒரு கால் அசைந்தது. பிறேக் அடித்து நின்றபோது கறுத்த மாடு பொனற்றுக்கு மேலால் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் இறங்கித் தேங்காய் உடைத்த கையோடு, பழைய லென்ஸைத் திரும்பப் போடச் சொல்லி அந்தத் தம்பிக்குப் போன் எடுத்தேன்.

பழைய பட்டறை:
@வன்னிக்காற்று அந்தச் சொரசொரப்பு காரணத்தோடுதான் வைத்தது. கொஞ்சம் வெளிச்சத்தைக் கோட்டுக்கு மேலே சிந்தவிடும், பெயர்ப் பலகையும் மாட்டின் முதுகும் அதில்தான் தெரியும். நான் சொன்ன அளவுப்படி 30 மீட்டரில் கோட்டின் உயரம் 35 சென்டிமீட்டர்தான். மாட்டுக்கு முழங்கால் தெரிந்ததே பெரிது.

ஸ்கூட்டிக்காரி:
எல்லோரும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தே பேசுகிறீர்கள். நான் எதிர்ப்பக்கம். கோவையில், பீளமேடு பக்கம் ஒரு குறுகிய தெருவில் வீட்டுக்குத் திரும்பப் போகிறேன். எதிரே ஒரு கார் இரண்டு தடவை லைட் அடித்தது. நம் ஊரில் அதற்கு "நான் வர்றேன், நில்லு" என்று அர்த்தம். சட்டென்று பிரேக் போட்டேன். பின்னால் வந்த ஆட்டோ என் நம்பர் பிளேட்டில் இடித்து நின்றது.

அந்தக் கார்க்காரர் இறங்கி வந்து, "அக்கா, சத்தியமா நான் லைட்டே அடிக்கலை" என்கிறார். ஆட்டோ அண்ணன் அடித்தாய் என்கிறார், நானும் அடித்தாய் என்கிறேன். அப்புறம் பார்த்தால் அவர் அப்போதுதான் ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கியிருக்கிறார். நீங்கள் இங்கே கொஞ்சுகிறீர்களே அந்தக் கூரான கோடு, அது வண்டி குதித்தபோது என் கண்ணுக்கு மேலே போய் வந்திருக்கிறது. முன்சக்கரம் ஒரு தடவை, பின்சக்கரம் ஒரு தடவை.

அப்பாவின் அம்பாசடரில் ஹெட்லைட் நடுவே கறுப்பு வட்டம் ஒட்டியிருக்கும். டிராஃபிக் போலீஸ்காரரே நிறுத்தி ஒட்டிவிடுவார். அது எவ்வளவோ தேவலை.

@இரவுப்பயணி, அந்த எக்ஸெல் பெரியவர் என்ன ஆனார்? நீங்கள் சொல்லவே இல்லை.

ஹாரோ தமிழன்:
நான் பிரிக்கவெல்லாம் இல்லை. இங்கிலாந்திலிருந்து பிரான்ஸ் போகும்போது படி தப்பான பக்கம் வரும் என்பதால், டோவரில் படகு ஏறுமுன் லைட்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினேன். அட்டையில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள், அந்த இடத்தில் ஒட்டவேண்டும். திரும்பி வந்து உரிக்க மறந்துவிட்டேன். இரண்டு மாதம். "இடது பக்கம் ஒண்ணுமே தெரியலை, கண்ணைக் காட்டுங்க" என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கண் டாக்டரிடமும் போனேன். கண் நன்றாக இருக்கிறது என்றார். அன்று மாலையே வாசலில் இடது பக்கம் நின்ற குப்பைத் தொட்டியை இடித்துத் தள்ளினேன். தொட்டியை நிமிர்த்தும்போதுதான் ஸ்டிக்கரைப் பார்த்தேன்.

பழைய பட்டறை:
@ஸ்கூட்டிக்காரி கறுப்பு வட்டம் வெளிச்சத்தைக் குறைக்குமே தவிர கோட்டைக் கீழே இறக்காது. உங்கள் அப்பா வண்டிக்கும் எய்மிங்தான் பார்த்திருக்கவேண்டும். அம்பாசடரில் வளையத்தைக் கழற்றினால் ஓரத்தில் ஸ்க்ரூ இருக்கும், அதைத் திருப்பி...

ஸ்கூட்டிக்காரி:
அந்த வண்டியை விற்றே இருபது வருஷம் ஆச்சுங்க சார்.

இரவுப்பயணி:
@ஸ்கூட்டிக்காரி, நிறுத்தவில்லை. வேகம் குறைத்தேன். கண்ணாடியில் பார்த்தேன், வண்டி சாயாமல் நின்றிருந்தது. அவர் காலை ஊன்றிக்கொண்டு குனிந்து எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது, நான் போய்விட்டேன். போன வாரம் அதே ரோட்டில், அதே நேரத்துக்கு, தகடு அடைத்த லைட்டோடு போனேன். இரண்டு எக்ஸெல் எதிரே வந்தன, பால் கேனோடுதான். இரண்டுமே சின்னப் பையன்கள்.