பழைய செடான்ல சன்ரூஃப் ஒழுகுது, கண்ணாடியும் கோணலா நிக்குது: எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

தக்கலை_பெட்ரோல்:
வணக்கம். 2012 மாடல் செடான், கம்பெனியிலேயே வந்த சன்ரூஃப் (கூரையில திறந்து மூடுற கண்ணாடி). ரெண்டு பிரச்சினை இருக்கு. மழை நேரத்துல பிரேக் பிடிச்சா முன்பக்க ரூம் லைட் இடுக்குல இருந்து சொட்டுது. இடது முன் சீட்டுக்கு அடியில கார்பெட் ஊறி நாறுது. ரெண்டாவது, கண்ணாடி திறக்கும்போது ‘டக் டக்’னு சத்தம். மூடும்போது வலது பக்கம் சரியா வந்துருது, இடது பக்கம் ஒரு விரல் அகலம் பின்தங்குது, உடனே தானாவே திரும்பத் திறந்துக்கிடுது. வண்டி பலா மரத்தடியிலதான் நிக்கும். ஒரு ஒர்க்‌ஷாப்ல மொத்த அசெம்ப்ளியும் மாத்தணும்ங்கிறாங்க, இன்னொருத்தர் சுத்தி சிலிக்கான் போட்டு அடைச்சிரலாம்ங்கிறார். ஜூன் மழைக்கு முன்னால முடிக்கணும். வழி சொல்லுங்க.

குலசேகரம்_ரப்பர்காடு:
சிலிக்கான் மட்டும் போடாதீங்க அண்ணே. சன்ரூஃப் கண்ணாடியைச் சுத்தி இருக்க ரப்பர் முழு வெள்ளத்தையும் (தண்ணியையும்) தடுக்கிறதுக்கு உள்ளது இல்ல. கொஞ்சம் வெள்ளம் உள்ளே இறங்கும்னு கணக்குப் பண்ணித்தான் கீழே ஒரு ட்ரே வச்சிருக்காங்க. அதோட நாலு மூலையில இருந்தும் நாலு குழாய் இறங்குது. முன்குழாய் ரெண்டும் ஏ பில்லர் (முன்கண்ணாடியோட பக்கத்துத் தூண்) வழியா வந்து முன்கதவு கீல் பக்கத்துலயோ ஃபெண்டருக்கு (முன்சக்கரத்து மேல இருக்க தகடு) உள்ளேயோ முடியும்; பின்குழாய் பின் சக்கரத்துப் பக்கமா முடியும். உங்களுக்கு இடது முன்குழாய் அடைச்சிருக்கு. ட்ரேயில தேங்கின வெள்ளம் பிரேக் பிடிக்கும்போது முன்னால சாடி விளிம்பைத் தாண்டுது, அதான் லைட் வழியா சொட்டு. கார்பெட் நனையிறதைப் பார்த்தா குழாய் நடுவுல கழண்டும் இருக்கலாம்.

முதல்ல சோதனை. கண்ணாடியைத் திறந்து, இலை, குப்பையெல்லாம் கையால எடுத்துட்டு, ஒவ்வொரு மூலையிலயும் 100 மில்லி வெள்ளம் மெதுவா ஊத்துங்க. சில நொடியில காருக்கு அடியில ஒழுகணும். மூலையிலேயே நின்னா அடைப்பு. மேலே இறங்கி, கீழே வராம இருந்தா குழாய் கழண்டிருக்கு. அதுக்கு மேல ஊத்தாதீங்க.

அடைப்பு எடுக்க, காடு வெட்டுற மிஷின்ல போடுற 2 மில்லிமீட்டர் நைலான் நரம்பு போதும். நம்ம ஊர்ல எந்த ரப்பர் தோட்டத்துலயும் கிடைக்கும். நுனியை தீயில காட்டி உருண்டையாக்கிட்டு, மேலிருந்து திருகித் திருகி விடுங்க. கட்டுக்கம்பி வேண்டாம், குழாயைக் குத்திடும். பஞ்சர் கடை கம்ப்ரசர் காத்தும் வேண்டாம். அந்த அழுத்தத்துல குழாய் ட்ரேயில இருந்தோ கீழ் ரப்பர் முனையில இருந்தோ பிடுங்கிக்கிடும். அப்புறம் வெள்ளமெல்லாம் பில்லருக்குள்ளதான். கீழ்முனை ரப்பர்ல சின்ன வாய் இருக்கும், அதுல சேறு காய்ஞ்சு ஒட்டியிருக்கும். பாதி அடைப்பு அங்கேதான், அதையும் விரலால பிதுக்கி விடுங்க.

ஏ பில்லர் பிளாஸ்டிக்கைக் கழட்டுறதுன்னா, உங்க மாடல்ல பக்கவாட்டு ஏர்பேக் உண்டான்னு பார்த்துக்கிடுங்க. இருந்தா பேட்டரி நெகட்டிவை எடுத்து 10 நிமிஷம் விட்டுட்டுத்தான் கை வைக்கணும். குழாயை ஏர்பேக் மேல சுத்தி பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டவே கூடாது.

நாகர்கோவில்_ஆட்டோ_எலக்ட்ரிக்:
டிரெயின் (தண்ணி வடியிற குழாய்) விஷயம் மேலே சொன்னது சரி. கண்ணாடி கோணல் வேற வேலை. இப்பவே ஒண்ணு செய்யுங்க: சுவிட்சைத் தொடாதீங்க. கோணலா இருக்கும்போது ஓட்டினா நல்லா இருக்க பக்கத்துக் கேபிளும் போயிரும்.

மோட்டார் ஒண்ணுதான், ஆனா அதோட பல்சக்கரம் ரெண்டு கேபிளை ஒரே நேரத்துல தள்ளுது, இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணு. திருகு மாதிரி வரியுள்ள கேபிள். ஒரு பக்கம் சறுக்கினா கண்ணாடி கோணும். அப்போ மோட்டாருக்கு சுமை கூடும், நடுவுல கை மாட்டிக்கிச்சுன்னு கன்ட்ரோல் யூனிட் நினைச்சு திரும்பத் திறக்கும். உங்க ‘டக் டக்’ அந்தப் பல் தாவுற சத்தம்.

பெரும்பாலும் காரணம் இந்த மூணுல ஒண்ணுதான். மோட்டார் ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம். இடது ரெயில்ல (கண்ணாடி நகருற தடம்) ஓடுற பிளாஸ்டிக் ஷூ உடைஞ்சிருக்கலாம். இல்லேன்னா பழைய கிரீஸும் மணலும் சேர்ந்து இறுகியிருக்கும். பல மாடல்ல ரூம் லைட்டைக் கழட்டினா மோட்டார் தெரியும், முதல்ல அந்த ஸ்க்ரூவை முடுக்கிப் பாருங்க. காசில்லாத வேலை அது.

ரெயிலைப் பார்க்க கண்ணாடியை மட்டும் எடுத்தா போதும், ரூஃப் லைனர் (கூரையோட உள்பக்க விரிப்பு) இறக்க வேண்டாம். பல மாடல்ல பக்கத்துக்கு ரெண்டு மூணு டி25 டார்க்ஸ் (நட்சத்திர வாய்) ஸ்க்ரூ. ரூஃப் மேல கம்பளி விரிச்சு, ரெண்டு பேரா மேல்நோக்கித் தூக்குங்க. ஷூ நல்லா இருந்தா மோட்டாரைக் கழட்டி, ரெண்டு பக்கமும் கையால தள்ளி, மூடின நிலைக்கான குறியில சமமா நிறுத்துங்க. மோட்டாரும் மூடின நிலையில இருந்தாத்தான் மாட்டணும். பல பழைய கார்ல ஆலன் கீ போட்டுத் திருப்புற துளை மோட்டார்லயே இருக்கும். அப்புறம் ரீசெட். பெரும்பாலும் சுவிட்சை விடாம 10-15 நொடி பிடிக்கிறது, ஆனா முறை மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலைப் பாருங்க. இஞ்சின் ஓடட்டும், பேட்டரி வோல்ட் இறங்கினா ரீசெட் பாதியில நிக்கும்.

கண்ணாடி திரும்ப மாட்டும்போது முன்விளிம்பு ரூஃபுக்குச் சமமாவோ 1 மில்லிமீட்டர் கீழேயோ, பின்விளிம்பு சமமாவோ 1 மில்லிமீட்டர் மேலேயோ இருக்கணும். இதை மாத்தி வச்சா காத்துச் சத்தம் வரும்.

முட்டம்_கடற்கரை:
கிரீஸ் பத்தி. கடலோரத்துல உப்புக்காத்தும் மணலும் ரெயிலுக்கு எமன். பழசை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைச்ச துணியால முழுசாத் துடைச்சுட்டு, சிலிக்கான் கிரீஸ் மெல்லிசா தடவணும். விரல்ல ஒட்டினா தெரியிற அளவு போதும். அதிகமானா மணலை இழுத்துப் பிடிக்கும். ரப்பர்ல தேங்காய் எண்ணெய், பழைய இஞ்சின் ஆயில் ரெண்டும் பூசாதீங்க, ரப்பர் கெட்டுப் போகும். ஷாம்பு தண்ணியில கழுவி, காய்ஞ்சப்புறம் ரப்பருக்குள்ள சிலிக்கான் ஸ்ப்ரேயைத் துணியில அடிச்சுத் தடவுங்க.

தக்கலை_பெட்ரோல்:
எல்லாருக்கும் நன்றி. ஊத்திப் பார்த்தேன்: இடது முன் மூலையில அப்படியே நிக்குது, மத்த மூணும் ஓடுது. மோட்டார் ஸ்க்ரூ இறுக்கமாத்தான் இருக்கு. கண்ணாடி எடுத்துப் பார்த்தா இடது ஷூ ரெண்டா உடைஞ்சிருக்கு. தனியா கிடைக்குமா?

நாகர்கோவில்_ஆட்டோ_எலக்ட்ரிக்:
சில மாடலுக்கு ரிப்பேர் கிட்டா வரும், பார்ட் நம்பர் வச்சு விசாரிங்க. வாங்குனா ரெண்டு பக்கமும் சேர்த்தே மாத்துங்க. கிடைக்கலேன்னா சென்னை புதுப்பேட்டையில பழைய வண்டியில கழட்டின முழு கேசட் (ரெயில், கேபிள் எல்லாம் சேர்ந்த சட்டம்) தேடலாம். அதை மாட்ட ரூஃப் லைனர் இறக்கணும், வேலை பெருசு. வாங்கும் முன்னால ரெண்டு கேபிளையும் கையால இழுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்க. ரெண்டும் அமையலேன்னா, கையாலேயே கண்ணாடியைச் சரியா மூடி, மோட்டார் கனெக்டரைப் பிடுங்கி விடுங்க. திறக்காது, ஆனா ரப்பர் அழுந்தி இருக்கும், டிரெயினும் வேலை செய்யும். சிலிக்கான் அடைக்கிறதை விட இது எவ்வளவோ மேல். வினிகர் வாசனை வர்ற சாதா சிலிக்கான் ரூஃப் தகட்டையே துருப்பிடிக்க வைக்கும்.

குலசேகரம்_ரப்பர்காடு:
கார்பெட்டை மறந்துராதீங்க. மேல காய்ஞ்சாலும் அடியில பஞ்சு வெள்ளத்தைப் பிடிச்சு வச்சிருக்கும், நம்ம ஊர் ஈரக்காத்துல தானா காயாது. பேட்டரியைக் கழட்டிட்டு சீட்டை எடுத்து, கார்பெட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்து ஃபேன் போடுங்க. சீட்டுக்கு அடியில மஞ்சள் கனெக்டர் இருந்தா அது ஏர்பேக்கோடது. அதைத் திரும்ப மாட்டாம சாவி போடாதீங்க, வார்னிங் லைட் ஏறிடும். அடியில ஓடுற வயர் கனெக்டர்ல பச்சைக்களிம்பு இருக்கான்னும் பாருங்க.

அப்புறம் பலா மரத்தடி. ஜூன் மழைக்கு முன்னால ஒரு தடவை, அக்டோபர் மழைக்கு முன்னால ஒரு தடவை ட்ரேயைத் துடைச்சு நாலு மூலையிலயும் ஊத்திப் பாருங்க. சரிவுல நிறுத்தினா வெள்ளம் மொத்தமும் தாழ்ந்த பக்கக் குழாய்க்கே போகும், அதனால சமதரையில நிறுத்துங்க.