அப்பாவை இழந்த நண்பனிடம் உடனே கிளம்பிப் போகலாமா?

நண்பனின் அப்பா நேற்று இறந்துவிட்டார். போனில் அவன் பேசவே இல்லை, மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. காரில் 8 மணி நேரம் ஆகும். திடீரென்று போய் நின்றால் தொந்தரவாக இருக்குமா?

பதில் 1: போங்கள். "வரட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வான். "கிளம்பிவிட்டேன், தங்க இடம் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு வரி அனுப்பினால் போதும்.

பதில் 2: ராத்திரி மட்டும் ஓட்டாதீர்கள், நள்ளிரவிலிருந்து விடியும்வரைதான் தூக்கம் அசத்தும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள், கண் சொக்கினால் ஓரம்கட்டி 20 நிமிடம் தூங்குங்கள்.

பதில் 3: என் அம்மா போனபோது வந்த தோழி ஆறுதலே சொல்லவில்லை. பாத்திரம் கழுவினாள், வந்த போன்களை எடுத்தாள், அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் கலைந்த பிறகு இன்னொரு முறையும் போங்கள், அப்போதுதான் வீடு வெறிச்சென்று இருக்கும்.

கேட்டவர்: சரி, விடிந்ததும் கிளம்புகிறேன்.